மூன்றாம் வகை மௌனம்

மூன்றாவது முறையும் "என்னால முடியாதுங்க, மன்னிச்சிடுங்க" என்று சொல்லி முடித்த பிறகுதான் ரெவாஸுக்குத் தன் புத்தகத்தின் நாற்பத்தேழாம் பக்கம் ஞாபகம் வந்தது. திராட்சை விளையும் கக்கேத்திப் பக்கத்து விருந்துகளில் ஒருவரைத் தமடாவாக, அதாவது மேசைக்குத் தலைவராக இருந்து வாழ்த்துச் சொல்லி எல்லாரையும் குடிக்கவைக்கும் ஆளாக அழைத்தால், அவர் மூன்று முறை மறுக்க வேண்டும். மூன்றாவது மறுப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எழுதியது அவரேதான். போதாததற்கு ஓர் அடிக்குறிப்பும் போட்டிருந்தார். உண்மையிலேயே மாட்டேன் என்பவன் என்ன செய்வான் என்பதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரு வரியும் கிடையாது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த இருபது பேரும் கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஜும்பர் அவர் தோளில் ஓங்கித் தட்டி, "பாத்தீங்களா, முறை தெரிஞ்ச மனுஷன். கணக்கா மூணு தடவை" என்று ஊராருக்குப் பெருமையாகச் சொன்னார்.

ரெவாஸ் முப்பது வருடமாகத் தலைநகர் திபிலிசியில் பல்கலைக்கழகத்தில் விருந்து வாழ்த்துகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவர். நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் புத்தகம் எழுதியிருக்கிறார். சமாதானத்துக்கு, தாய்மண்ணுக்கு, போய்ச் சேர்ந்தவர்களுக்கு, குழந்தைகளுக்கு என்று வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் உள்வகை பிரித்து, அட்டவணை கட்டி வைத்திருக்கிறார். இத்தனையும் செய்தவர் இந்த ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு மேசையைக்கூட நடத்தியதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ரெவாஸ் அந்தச் சுரைக்காயை முப்பது வருடம் சமைத்து, பரிமாறி, சம்பளமும் வாங்கிவிட்டார். இன்றைக்குத்தான் முதல்முறையாக யாரோ சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள்.

வேறு விருந்தாக இருந்தால் உளறிக்கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இது மகள் தெயோனாவின் நிச்சயதார்த்தம். காலையில் காரில் வரும்போதே மனைவி மாக்வாலா விஷயத்தைச் சொல்லியிருந்தாள். "பையனோட அப்பாவுக்கு நம்மளப் பிடிச்சிருக்கு. அந்த அம்மாவுக்குத்தான் மனசே இல்ல. பட்டணத்துப் பொண்ணு, படிச்ச குடும்பம், மேசை முறை தெரியாது, ரொட்டி சுடத் தெரியாதுன்னு சொல்லியிருக்கா. நீங்க வாயைத் திறக்காம இருந்தாலே பாதிக் கிணறு தாண்டின மாதிரி." பின்சீட்டிலிருந்து தெயோனா, "அப்பா, நீ சாப்பிடு, சிரி. அது போதும்" என்றாள். அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. இந்த ஊரில் மேசையில் நடந்த பிசகை யாரும் மறப்பதில்லை. கீழத்தெருவில் ஒருத்திக்குப் பேரன் பேத்தி எடுத்த பிறகும் 'தூங்கினவன் மகள்' என்றுதான் பெயர். அவள் கல்யாண விருந்தில் அவள் அப்பா வாழ்த்துக்கு நடுவே கண்ணயர்ந்துவிட்டாராம். அந்த மனிதர் செத்து முப்பது வருடம் ஆகிறது.

மாப்பிள்ளையின் அம்மா எத்தேரி வந்தவர்களை வாசலில் நின்று வரவேற்றதோடு சரி, அதற்குப் பிறகு உட்காரவே இல்லை. கொல்லைப்புற அடுப்பிலிருந்து சுடச்சுட ரொட்டியை எடுத்துவந்து மேசையில் வைப்பாள், காலித் தட்டை எடுப்பாள், போய்விடுவாள். முழங்கைவரை மாவு. முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அவள் வருவதையும் போவதையும் மாக்வாலா எண்ணிக்கொண்டிருந்தாள். "பதினாலு தடவை வந்துட்டா. ஒரு தடவைகூட நம்ம பொண்ணைப் பாக்கல" என்று கணவன் காதில் ஓதினாள்.

ரெவாஸ் எழுந்து சமாதானத்துக்கான முதல் வாழ்த்தைத் தொடங்கினார். எல்லாரும் கோப்பையை உயர்த்தினார்கள். தமடா சொல்லி முடித்துக் குடிக்கும்வரை யாரும் வாயில் வைக்கக் கூடாது. இந்த விதியும் புத்தகத்தில் உண்டு, எத்தனை நிமிடம்வரை கை தாங்கும் என்பது மட்டும் இல்லை. சமாதானம் என்ற சொல் பழைய பாடல்களில் எப்படி வருகிறது என்பதில் ஆரம்பித்தார். மலைப்பகுதியில் அது இரண்டாவதாக வருவதைச் சொன்னார். மேற்கே வேறு மாதிரி என்றார். அதை மறுக்கும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள் என்று நேர்மையாக ஒப்புக்கொண்டார். ஜும்பர் கோப்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பக்கத்து வீட்டு ஜாக்ரோ இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டார். சுட்ட பன்றிக்கறியில் கொழுப்பு வெள்ளையாக உறைந்தது. மேசைக்கடியில் மாக்வாலாவின் செருப்பு அவர் காலை மிதித்தது. ரெவாஸ் அதை மேலும் சொல்லச் சொல்வதாக எடுத்துக்கொண்டு இரண்டு உதாரணம் கூடுதலாகக் கொடுத்தார்.

ஒருவழியாகக் குடித்தார்கள். தாய்மண்ணுக்கான வாழ்த்து இதைவிட இரண்டு நிமிடம் நீண்டது. குடித்துவிட்டு உட்காரும்போது ஜாக்ரோ, "ஒயின் நல்லாத்தான் இருந்துச்சு, ஏத்தும்போது. இறக்கும்போது காடியாப் போச்சு" என்று பொதுவாக யாருக்கோ சொன்னார். மாப்பிள்ளை பேக்கா அதற்குச் சிரிக்கப் பார்த்து, தெயோனாவின் முகத்தைக் கண்டு ஒரு துண்டுப் பாலாடைக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூங்கினவன் மகள் இருக்கும் ஊருக்குத் தூங்கவைத்தவன் மகளாக வரப்போகிறோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

ரெவாஸுக்கும் புரியாமல் இல்லை. வகுப்பில் பின்வரிசை மாணவர்கள் செல்போனைப் பார்க்கும்போது வரும் அமைதிதான் இங்கும் நிலவியது. ஆனால் அவர் கையில் ஒரு துருப்பு இருந்தது. இந்த ஊர் அவர் புத்தகத்தில் இருக்கிறது. இருபத்தாறு வருடத்துக்கு முன் அவருடைய மாணவன் ஒருவன் இங்கே வந்து, பாவ்லே என்ற பெரிய தமடாவின் பேச்சை ஒலிநாடாவில் பிடித்துக்கொண்டு போயிருந்தான். ஆறாம் அத்தியாயம் முழுக்க அந்த நாடாதான். ரெவாஸ் பாவ்லேவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் மனிதர் இப்போது உயிரோடிருக்க வழியில்லை என்பது அவருக்குத் தெரியும். தமடாக்களின் சராசரி ஆயுள் அறுபத்து மூன்று என்று அவரே கணக்குப் போட்டு நிறுவியிருந்தார். அதனால் இரண்டாம் பதிப்பில் பாவ்லேயின் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று மரியாதையாகச் சேர்த்திருந்தார். போய்ச் சேர்ந்தவர்களுக்கான வாழ்த்தை அந்தப் பெயரில் தொடங்கினால் ஊரே உருகிப்போகும் என்று அவர் எண்ணினார்.

அவர் எழுந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "போனவங்களை நினைக்கிற நேரம் இது. நாற்பது வருஷம் இந்த ஊர் மேசையை நடத்தின ஒருத்தர் இருந்தார். அவர் பேச்சைக் கேட்டுத்தான் நான் இந்த வித்தைக்கு இலக்கணம் எழுதினேன். இன்னிக்கு அவர் நம்ம நடுவுல இல்ல. பாவ்லே ஐயாவோட ஆத்மா சாந்தியடையட்டும்." முறைப்படி தன் தட்டிலிருந்த ரொட்டித் துண்டின்மேல் ஒயினைச் சொட்டுச் சொட்டாக ஊற்றினார். ரொட்டி சிவந்தது. வேறு யாரும் ஊற்றவில்லை. ஒரு கிழவி சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பேக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ரொட்டியோடு வந்த எத்தேரி கொல்லை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

மேசைக் கோடியில் ஒரு முதியவர் மாதுளைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் ஒயினை நிறுத்திவிட்டாராம். வந்தபோது ஜும்பர் அவரை "எங்க பெரியப்பா" என்று மட்டும் அறிமுகம் செய்திருந்தார். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவர் சாற்றுக் கோப்பையைக் கீழே வைத்து, மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, நான் சாந்தியாத்தான் இருக்கேன்" என்றார்.

உயிரோடிருக்கிறவன் பெயரில் ரொட்டியில் ஒயினை ஊற்றினால் அவன் அடுத்த அறுவடையைப் பார்க்கமாட்டான் என்பது இங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதுவும் நிச்சயதார்த்த மேசையில், பெண்ணைப் பெற்றவன் கையால். மனதுக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. தெயோனா அவரைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற எத்தேரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிடுங்க ஐயா. என் புத்தகத்துல நீங்க செத்துட்டீங்க. ரெண்டாம் பதிப்புலேர்ந்து."

"முதல் பதிப்புல?"

"இருந்தீங்க."

பாவ்லே யோசித்துத் தலையாட்டினார். ஜும்பர் எழுந்து ஓடிவந்து அந்த ரொட்டியை எடுத்து எறியப் பார்த்தார். "அதைத் தொடாதே. அது எனக்கு ஊத்தினது" என்றார் பாவ்லே. பிறகு ரெவாஸைப் பார்த்து, "சொல்லி முடிப்பா. செத்தவனை வாசல்ல நிறுத்திட்டுப் போகலாமா? இந்த ஊர்ல எல்லாரையும் நான்தான் நாலு வார்த்தை சொல்லி அனுப்பிவச்சேன். எனக்கு எவன் சொல்லுவான், என்னத்தச் சொல்லுவான்னு ராத்திரியில தூக்கம் வராது. இவனுங்க சொல்லி நான் கேட்டிருக்கேன். இதுக்குச் சாகாமலே இருந்துடலாம்" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கினார்கள். ரெவாஸ் வாயைத் திறந்தார். வந்தது வாழ்த்து அல்ல, ஒரு கேள்வி. "ஐயா, அந்த நாடாவுல, அம்மாக்களுக்குச் சொல்ற வாழ்த்துல, நடுவுல பதினோரு வினாடி நீங்க பேசவே மாட்டீங்க. நான் அதை மூன்றாம் வகை மௌனம்னு எழுதியிருக்கேன். துக்கத்தால அடைபட்டு, பிறகு உடையறதுக்காகக் காத்திருக்கிற மௌனம்னு. வருஷா வருஷம் பசங்களுக்குப் போட்டுக் காட்டுவேன். பரீட்சையில கேள்வியா வரும்."

"அம்மாக்களுக்கா?" பாவ்லே கண்ணை இடுக்கினார். "ஜும்பர் வீட்டு மாடு கன்னு போட்டப்ப வச்ச விருந்துதானே? ஒரு பையன் டேப்பை வச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்திருந்தான். ஞாபகம் இருக்கு. கிளாசுல ஈ விழுந்துடுச்சுப்பா. விரலை விட்டு எடுத்தேன். வழுக்கிக்கிட்டே போச்சு."

மேசை வெடித்துவிட்டது. ஜாக்ரோ சிரித்த சிரிப்பில் நாற்காலி பின்னால் சாய்ந்து, பேக்கா பிடித்து நிறுத்தினான். மாக்வாலா கணவனுக்காக வெட்கப்பட முயன்று தோற்று, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள். ரெவாஸும் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். நீர் வந்த பிறகு சிரிப்பு எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை.

"எங்க அப்பா செத்தப்ப, அந்தச் சாப்பாட்டுல, மூத்த பிள்ளைன்னு என்னை எழுப்பி நிறுத்தினாங்க" என்றார். அவர் இப்போது பேராசிரியர் குரலில் பேசவில்லை. "கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு வார்த்தை வரல. எங்க சித்தப்பா என் கையிலேர்ந்து கோப்பையை வாங்கி அவர் சொன்னார். நான் உக்காந்துட்டேன். அதுக்கப்புறம் முப்பது வருஷமா மத்தவங்க எப்படிச் சொல்றாங்கன்னு எழுதிக்கிட்டிருக்கேன். எங்க அப்பாவுக்கு இன்னும் சொல்லல. உங்க குரலைத்தான் கேப்பேன். வீட்ல யாரும் இல்லாதப்ப அந்த நாடாவைப் போட்டுக் கேப்பேன். ஆராய்ச்சிக்கு இல்ல. அந்தக் குரல் செத்துப்போச்சுன்னு எழுதினப்ப நான் வருத்தப்பட்டேன் ஐயா. அன்னிக்கு விசாரிச்சிருக்கணும். விசாரிக்கல. இவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்." அவர் குடித்தார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

மேசை முழுக்க எழுந்து நின்று குடித்தது. பாவ்லே டாக்டரை மறந்து ஜும்பரின் கோப்பையை வாங்கி ஒரு மிடறு விழுங்கினார். பிறகு அந்தச் சிவந்த ரொட்டித் துண்டைக் கேட்டு வாங்கி, ஆற அமர மென்று தின்றார். "என் பங்கை நானே சாப்பிட்டுட்டேன். இனிமே எவனும் எனக்காக அழ வேண்டாம்" என்றார்.

போனவர்களுக்குப் பிறகு குழந்தைகளுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும், துக்கத்தோடு மேசையை விடக் கூடாது என்பது விதி. அன்றைக்கு அந்த மேசை குழந்தைகள் பக்கம் போகவே இல்லை. ஜாக்ரோ எழுந்து, "புரபசர், என்னையும் செத்ததா வச்சு ஒண்ணு சொல்லுங்க" என்றார். அவர் மனைவி கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. ரெவாஸ் இரண்டு கேள்வி கேட்டார். ஜாக்ரோவிடம் ஒரு பழைய டிராக்டர் இருப்பதும், ஊரே இரவல் வாங்குவதும், அவர் ஒருவர் கைக்குத்தான் அது கிளம்பும் என்பதும் தெரியவந்தன. "ஜாக்ரோ போயிட்டார்" என்று ரெவாஸ் ஆரம்பித்தார். "டிராக்டர் மட்டும் கொட்டகையில நிக்குது. ஊர்ல ஒவ்வொருத்தரா வந்து உதைச்சுப் பாக்கறாங்க. கிளம்பல. அப்பத்தான் ஒவ்வொருத்தருக்கும் தெரியுது, இத்தனை வருஷம் நமக்கு உழுதது டிராக்டர் இல்லன்னு." ஜாக்ரோ தன் சாவுக்குத் தானே தேம்பினார். அவர் மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இவ்வளவு நல்ல மனுஷனையா நான் தினம் திட்டறேன்" என்றாள். "நாளைக்கும் திட்டுவே" என்றார் பாவ்லே.

அதற்குப் பிறகு கல்லறைக்குப் போகக் கூட்டத்தில் தள்ளுமுள்ளு ஆகிவிட்டது. சிலுவைக் குறி போட்ட கிழவி வயதைக் காட்டி முன்னால் இடம் கேட்டாள். நாற்பது வயதுகூட ஆகாத ஒருவன் எழுந்தபோது, "உனக்கு இன்னும் நேரம் இருக்கு, உக்காரு" என்று அதட்டி உட்காரவைத்தார்கள். ரெவாஸ் ஒருவரையும் அவமதிக்காமல், ஒருவருக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்காமல், ஐந்து பேரை அனுப்பிவைத்தார். பந்தல் வழியாக வெயில் சாய்ந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆறிப்போன கறியை யாரும் குறை சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

"என்னையும் சொல்லுங்க, சம்பந்தி."

எத்தேரி கொல்லை வாசலில் நின்றிருந்தாள். மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைக்கத் துடைக்க மாவு போகவில்லை. "இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தோரு வருஷம் ஆச்சு. இந்த மேசையில சொல்ற வாழ்த்தெல்லாம் அடுப்படியிலேர்ந்துதான் கேட்டிருக்கேன். பாதிதான் கேக்கும். ரொட்டியப் பாக்கணும்ல." அவள் குரலில் குறை இல்லை, தகவல் சொல்வதுபோலச் சொன்னாள்.

எல்லாரும் ரெவாஸைப் பார்த்தார்கள். ரெவாஸுக்கு இந்தப் பெண்ணைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பதினாலு தடவை வந்துபோனாள் என்பதுதான், அதுவும் மனைவி எண்ணிச் சொன்னது. ரொட்டியைப் புகழலாம். டிராக்டர் மாதிரி ஏதாவது கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் முப்பத்தோரு வருடம் பாதி வாழ்த்துகளைக் கேட்டவளுக்குச் சமத்காரமாக எதையாவது சொல்லி அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. தமடா தன் வாழ்த்தைத் தொடங்கிவிட்டு, முடிக்கும்படி வேறொருவரிடம் கோப்பையைக் கொடுக்கலாம். அலவெர்தி என்பார்கள். இன்னும் கல்யாணம் முடியாத வீட்டில் மணப்பெண் கையில் அதைக் கொடுக்கும் வழக்கம் இல்லை. எந்தப் பக்கத்தில் அப்படி எழுதியிருக்கிறோம் என்றுகூட அவருக்குத் தெரியும்.

"எத்தேரி அம்மாவுக்கு" என்றார் ரெவாஸ். "இதை என் பொண்ணு முடிப்பா."

மாக்வாலாவின் செருப்பு மேசைக்கடியில் அவர் காலைத் தேடி, கிடைத்ததும் மிதிக்காமல் நின்றது. தெயோனா எழுந்தாள். கோப்பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"எனக்கு இவங்களைத் தெரியும்னு சொல்ல முடியாது. ரெண்டு வருஷத்துல என்கிட்ட மூணு தடவைதான் பேசியிருக்காங்க" என்றாள். பேக்கா கண்ணை மூடிக்கொண்டான். "மூணு தடவையும் சாப்பிட்டியான்னுதான் கேட்டாங்க. இவங்க சாப்பிட்டாங்களான்னு நான் ஒரு தடவைகூடக் கேட்கல."

அடுப்பிலிருந்து ரொட்டி தீய்கிற வாசம் பந்தலுக்கு வந்தது. முதலில் ஜாக்ரோ மூக்கை உயர்த்தினார். பிறகு எல்லாருக்கும் தெரிந்தது. ஜும்பர் பதறி எழப்போனார். அதற்குள் மேசைக்கு வந்திருந்த எத்தேரி அவர் பக்கம் திரும்பாமலே, மாவுக் கையை அவர் தோளில் வைத்து அழுத்தி உட்காரவைத்தாள். அந்தக் கையை அங்கேயே வைத்துக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, அந்தப் பெண் அடுத்த வார்த்தையைச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.